நான்காம் கட்டம்

முதலில் மருத்துவமனை தந்த அறிவிப்புத் தாள்.
அதில் குழந்தைக்குப் பெயரில்லை.
'ஜெசிந்தாவின் பெண் சிசு' என்றிருந்தது,
எடை இரண்டு கிலோ எண்ணூறு.
பிறகு இருவர் பாஸ்போர்ட், விசா நகல்,
எமிரேட்ஸ் அட்டை முன்னும் பின்னும்.
கடைசியாகக் கல்யாணச் சான்றிதழ்.
அசல்தான் வேண்டும் என்றார்கள்.

அசல் இருந்தது.
மானாமதுரை சார்பதிவாளர் அறையில்
மின்விசிறி நின்றுபோன ஒரு மதியம்,
சாட்சிக்கு ஓர் ஆள் குறைய,
வாசலில் ஸ்டாம்ப் பேப்பர் விற்றவரைக் கூப்பிட்டோம்.
பேனாவும் அவருடையதே.
மாலை வாங்க மறந்திருந்தோம்.
அந்தத் தாளைப் பார்க்கவே மாட்டேன் என்றார் அப்பா.
ஜெசிந்தா வீட்டில் தாளைப் பார்த்தார்கள்,
அவளைப் பார்க்கவில்லை.

அதே தாள் பிறகு சென்னை போனது, டெல்லி போனது,
தூதரகப் படியேறி இறங்கியது.
திரும்பி வந்தபோது முதுகெல்லாம் முத்திரை:
சிங்கம், பருந்து, பசை காயாத வில்லைகள்.
எண்ணினேன், ஏழு.
ஊரில் ஒரு தலை அசையவில்லை.
இரண்டு அரசாங்கங்கள் ஆசீர்வதித்துவிட்டன.

புஜைராவில் அன்று பலத்த காற்று.
துறைமுகத்தில் கிரேனை நிறுத்தியிருந்தார்கள்,
அதனால்தான் எனக்கு லீவு.

டைப்பிங் சென்டரில் ஷாநவாஸ், வடகரைக்காரர்.
"மோளுடெ பேரு?"
"பொழில்."
"பொழில்" என்று திருப்பிச் சொன்னார், பிசகாமல்.
அந்தத் தெருவில் அதைச் சொல்லத் தெரிந்த
மூன்றாவது நாக்கு.
பிறகு விசைப்பலகையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.
அரபியில் ப இல்லை. ழ இல்லை.
ஒகரத்துக்கும் தனி எழுத்தில்லையாம்.
மூன்றெழுத்துப் பெயரில் எஞ்சியது ல் மட்டும்.
"லாம் போடவா, ஸாய் போடவா?"
சட்டை நிறம் கேட்பதுபோலக் கேட்டார்.
லாம் என்றேன்.

குழந்தை, தகப்பன், தகப்பனுடைய தகப்பன்,
அடுத்தது குடும்பப் பெயர்.
"காலியா விட்டா திருப்பி அனுப்பும்.
ஜாதிப் பேர் எதாச்சும் உண்டோ?
நிறைய பேர் அதத்தான் போடுறது."
அவர் தப்பாகக் கேட்கவில்லை,
பதினாறு வருடமாகக் கட்டம் நிரப்புகிறவர்.

பள்ளிப் பதிவேட்டில் தன் பெயரின் வாலை
அறுத்தெறிந்தவர்தான் என் அப்பா.
அறுத்த இடத்தை இன்னும் தடவிப் பார்க்கிறவரும் அவரே.
அதை ஒட்டவைக்கவா கடல் தாண்டி வந்தேன்?
"தாத்தா பேரையே மறுபடி அடிங்க" என்றேன்.
மூன்றிலும் வெள்ளைச்சாமி, நான்கிலும் வெள்ளைச்சாமி.
கீழே தாயின் வரியில் ஜெசிந்தா சவரிமுத்து.
ஒரு பந்தலில் உட்கார மறுத்த இருவர்
இப்போது ஒரு விரற்கடை தூரத்தில்.

கவுண்டரில் டோக்கன் எண்பத்துநான்கு.
அந்தம்மா தாளைக் கிட்டத்தில் பிடித்து
இதற்கு என்ன அர்த்தம் என்றார்.
என் யார்டு அரபியில் மரம் உண்டு, தோப்பு கிடையாது.
ஷஜர், ஷஜர், ஷஜர் என்று
கையைப் பரப்பிக் காட்டினேன்.
எண்பத்தைந்தாம் டோக்கன்காரர் சிரித்தார்.
"புஸ்தான்!" என்றார் அந்தம்மா,
முத்திரையை ஓங்கிக் குத்தினார்.
ஜன்னலுக்கு வெளியே ஹஜர் மலை,
ஒரு புல்லும் இல்லாமல்.

தாளில் என் மகள் வலமிருந்து இடமாக இருந்தாள்.
அவள் எங்கே தொடங்குகிறாள் என்று
ஷாநவாஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.
ஆங்கிலத் தாளுக்குத் தனிக் கட்டணம்.

அடுத்தது பாஸ்போர்ட்.
படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டும்,
கண் திறந்திருக்க வேண்டும்.
ஸ்டுடியோவில் வெள்ளைத் துண்டின்மேல் கிடத்தினோம்.
ஜெசிந்தா உள்ளங்காலைச் சுண்டுகிறாள்.
நேபாளிப் பையன் சாவிக்கொத்தை ஆட்டுகிறான்.
நான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன்,
ழகரத்தை அழுத்தி, கடை அதிர.
பதினெட்டு நாள் ஆன பொழில்
கொட்டாவி விடுகிறாள்,
கண்ணைத் திறக்காமலே.